பேர்குசனைற்று: இலங்கைக் கனிப்பொருள் வரலாற்றில் ஓர் அருங்கல்

இலங்கைத் தீவின் இரத்தினக் கற்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. கடல் கடந்து வந்த வணிகரும் யாத்திரிகரும் நீலத்தையும் மாணிக்கத்தையும் வைடூரியத்தையும் குறித்து எழுதிச் சென்றனர். ஆயின், அவை கிடைக்கும் அதே சரளைப் படையிலே, ஒளியற்ற கறுப்பு நிறங்கொண்டு, கையிலெடுத்தாற் கனத்து நிற்கும் வேறு சில கற்களும் உண்டு. அவற்றை அரித்தெடுத்தோர் விலையற்றவையென விலக்கி எறிந்தனர். விலக்கப்பட்ட அக்கற்களுள் ஒன்றே பேர்குசனைற்று என்பது. நயோபியம் என்னும் மூலகத்தைத் தன்னகத்தே கொண்ட இவ்வரிய ஒட்சைட்டுக் கனிப்பொருளின் இயல்பையும், அது கிடைக்கும் நிலத்தின் தன்மையையும், அஃது அறியப்பட்ட வரலாற்றையும் கூறி, வன்னி நிலத்தில் வாழும் நாம் அவ்வரலாற்றினின்றும் பெறத்தக்கது யாதென ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நயோபியத்தின் வரலாற்றை நோக்குவாம். அமெரிக்காவிலிருந்து வந்து, இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையிற் கிடந்த ஒரு கருங்கல்லை 1801 ஆம் ஆண்டிற் சார்ள்ஸ் ஹச்சற் என்னும் ஆங்கிலேய இரசாயன அறிஞர் ஆராய்ந்தார். அதனுள் அதுவரை அறியப்படாத மூலகம் ஒன்று இருத்தலைக் கண்டு, அமெரிக்காவின் நினைவாக அதற்குக் கொலம்பியம் என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டிற் சுவீடன் நாட்டு ஏக்கபேர்க் என்பார் தந்தலம் என்னும் மூலகத்தைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் இயல்பில் மிக நெருங்கியவை. இயற்கையிலும் பெரும்பாலும் ஒருங்கே காணப்படுபவை. ஆதலால் 1809 இல் வொலாஸ்ரன் என்னும் அறிஞர் இரண்டும் ஒன்றே எனத் தீர்ப்புக் கூறினார். அத்தீர்ப்பு நெடுங்காலம் நிலைத்தது. 1844 இல் யேர்மனிய அறிஞர் ஹைன்ரிச் ரோசே, தந்தலத்தோடு கலந்திருப்பது வேறொரு மூலகமென நிறுவி, கிரேக்க புராணத்திலே தந்தலசு என்பானின் மகளாக வரும் நயோபியின் பெயரால் அதனை நயோபியம் என்றழைத்தார். இரண்டையும் செவ்வனே பிரித்தெடுக்கும் முறையை 1866 இல் மரிஞாக் என்பார் கண்டார். அமெரிக்கர் கொலம்பியம் என்றும் ஐரோப்பியர் நயோபியம் என்றும் ஏறத்தாழ நூறாண்டு காலம் வழங்கி வந்தனர். 1950 ஆம் ஆண்டளவிலேயே நயோபியம் என்னும் பெயர் சர்வதேச இரசாயன ஒன்றியத்தால் உறுதி செய்யப்பட்டது. இதன் அணுவெண் 41. 2,400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலன்றி உருகாத உலோகம் இது.

பேர்குசனைற்றும் இக்குழப்பத்துக்கு உட்பட்டதே. கிறீன்லாந்தின் தென்முனைப் பகுதியிற் கீசெக்கே என்பார் சேகரித்த இக்கனிப்பொருளை, 1825 ஆம் ஆண்டளவில் ஹைடிங்கர் தனியினமாக விவரித்து, ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த இறொபேட் பேர்குசன் என்னும் கனிப்பொருள் ஆர்வலரின் பெயரை அதற்கு இட்டார். அதிலுள்ளது தந்தலமே என அக்காலத்துப் பகுப்பாய்வாளர் கருதினர். முதன்மையாக உள்ளது நயோபியமே என்பது பின்னரே தெளிவாயிற்று. இன்றைய அறிவின்படி, இத்திரியம் ஒன்று, நயோபியம் ஒன்று, ஒட்சிசன் நான்கு என்னும் அணுவிகிதத்தில் அமைந்தது இது. இத்திரியத்தின் இடத்தை ஓரளவுக்கு ஏனைய அருமண் மூலகங்களும், யுரேனியமும் தோரியமும் பற்றியிருக்கும். நயோபியத்தின் இடத்தைச் சிறிதளவு தந்தலம் பற்றியிருக்கும்.

இதன் புற இயல்புகள் வருமாறு: நிறம் கறுப்பு அல்லது கருங்கபிலம், மெல்லிய சிம்புகள் ஒளியிற் கபிலமாகத் தோன்றும். உடைந்த முகம் சிப்பியின் உட்புறம் போல் வளைந்து, பிசினின் மினுக்கமோ உலோகத்தின் மங்கிய மினுக்கமோ உடையதாயிருக்கும். வன்மை ஏறத்தாழ 6. எனவே படிகக் கல்லாற் கீறலாம். பழுதுறாத கல்லின் தன்னீர்ப்பு 5.6 முதல் 5.8 வரையில் அமையும். பளிங்கமைப்புச் சிதைந்த கற்களில் இது குறைந்திருக்கும். படிகக் கல்லின் தன்னீர்ப்பு 2.65, நீலக்கல்லினது 4 என்பவற்றோடு ஒப்பிட்டால் இதன் கனம் விளங்கும்.

இனி, இஃது எங்ஙனம் உண்டாகின்றது எனக் காண்போம். நிலத்தின் ஆழத்திலே உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறிக் கிரனைற்றாக உறையும்போது, களிக்கல், படிகம், அப்பிரகம் ஆகியன முன்னர்த் தோன்றுகின்றன. நயோபியத்தின் அயன் சிறியது. ஆனால் ஐந்து நேரேற்றங்களைத் தாங்கியது. ஆகவே அது மேற்கூறிய பொதுக் கனிப்பொருள்களின் கட்டமைப்பில் எளிதிற் புகாது, எஞ்சிய குழம்பிலேயே மேன்மேலும் செறிகின்றது. அவ்வெச்சக் குழம்பு பாறை வெடிப்புகளிற் புகுந்து, பெரும் பளிங்குகளைக் கொண்ட பெக்மற்றைற்று நாளங்களாக உறையும்போதுதான் பேர்குசனைற்றுப் போன்றவை உருவாகின்றன. சுவீடன், நோர்வே, மடகாசுக்கர் ஆகிய நாடுகளிலும் இஃது இவ்வகை நாளங்களிலேயே காணப்படுகின்றது. நாளடைவில் வெயிலும் மழையும் பாறையைச் சிதைக்க, இலேசான களிக்கல் களிமண்ணாகக் கரைந்தோட, கனத்த கற்கள் ஆற்றுப் பள்ளங்களிற் சரளையோடு தங்குகின்றன. சிங்களத் தொழிலாளர் இல்லம் என வழங்கும் அச்சரளைப் படையிலேதான் இரத்தினமும் பேர்குசனைற்றும் ஒருங்கே கிடக்கின்றன. கூடையிலிட்டு நீரில் அரிக்கும்போது மணல் வெளியேறக் கனத்தவை அடியில் நிற்கும். இரத்தினத்தைத் தேடியோரின் கையில் இக்கறுப்புக் கல்லும் தவறாது அகப்பட்டமைக்குக் காரணம் இதுவே.

இலங்கையின் இறக்குவானைப் பகுதியிலிருந்து சென்ற கற்களைப் பிரித்தானிய நூதனசாலையின் ஜி. ரி. பிரையர் ஆராய்ந்து, இலங்கைப் பேர்குசனைற்றைப் பற்றி 1893 ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே நோர்வே அறிஞர் புறூகர், வெளியுருவம் பளிங்காயிருந்தும் உள்ளமைப்பு ஒழுங்கிழந்து கண்ணாடி போலாகிவிட்ட கனிப்பொருள்களுக்கு மெற்றமிக்று என்னும் பெயரை வழங்கினார். பேர்குசனைற்று இவ்வினத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 1898 இல் வில்லியம் றாம்சேயும் திராவர்சும் பேர்குசனைற்றைச் சூடாக்கியபோது, அது திடீரென வெப்பத்தை உமிழ்ந்ததையும் ஈலியம் என்னும் வாயுவை வெளிவிட்டதையும் கண்டனர். கல்லுக்குள் வாயு எவ்வாறு புகுந்தது? வெப்பம் எங்கே ஒளிந்திருந்தது? அன்று இவற்றுக்குத் தக்க விடை இருக்கவில்லை. றாம்சேயும் சொடியும் 1903 இல் இரேடியத்திலிருந்து ஈலியம் பிறத்தலைக் காட்டிய பின்னரே பொருள் விளங்கலாயிற்று. கல்லிலுள்ள யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து வருகின்றன. அவை வீசும் துணிக்கைகளே ஈலியமாகின்றன. அவற்றின் தாக்குதலாலேயே பளிங்கின் ஒழுங்கு குலைகின்றது. சூடாக்கும்போது அவ்வொழுங்கு மீள, அடங்கியிருந்த சத்தி வெப்பமாக வெளிப்படுகின்றது. எறியப்பட்ட கறுப்புக் கல் காலத்தின் கணக்கேடாயிருந்தமை இங்ஙனம் புலனாயிற்று.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரின் பெயரை நினைவுகூர்தல் கடனாகும். கலாநிதி ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றறிஞராகவே நாம் பெரிதும் அறிவோம். 1877 இற் கொழும்பிற் பிறந்த இவர், பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரரின் தாய்மாமனாகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900 இற் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக விளங்கினார். இலங்கைப் பேர்குசனைற்றை ஆராய்ந்த அதே பிரையருடன் சேர்ந்து, செரண்டிபைற்று என்னும் புதிய கனிப்பொருளை 1903 இல் உலகுக்கு அறிவித்தவர் இவரே. கல்லைத் தேடி நாட்டுப்புறமெங்கும் நடந்த அக்காலத்திலேதான் கிராமக் கைவினைகளின் நலிவும் இவர் கண்ணிற் பட்டது. 1908 இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய இவரது பெருநூலுக்கு வித்திட்டது அந்நடையே எனலாம். ஒதுக்கப்பட்டதை ஊன்றி நோக்கும் கண் கல்லாராய்ச்சிக்கும் கலையாராய்ச்சிக்கும் பொதுவன்றோ!

பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கனத்த கருங்கற்களை இவர் 1904 இல் முதலில் யுரேனைற்று எனக் கருதினார். அவற்றை இலண்டனிற் பகுத்தாய்ந்த டன்ஸ்ரன், பெரும்பகுதி தோரிய ஒட்சைட்டாய் இருத்தலைக் கண்டு, புதிய இனமெனத் துணிந்து தோரியனைற்று என்று பெயரிட்டார். அக்கல்லிலிருந்து பெற்ற பொருளை றாம்சேயின் ஆய்வுகூடத்திற் பரிசோதித்த இளைஞர் ஒட்டோ ஹான், 1905 இல் இரேடியோதோரியம் என்பதைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் அணுக்கருப் பிளவைக் கண்டவரும் அவரே. இலங்கையின் தோரைற்று என்னும் மற்றொரு கல்லிலிருந்து ஈயத்தைப் பிரித்த சொடி, சாதாரண ஈயத்தின் அணுநிறை 207.2 ஆயிருக்க, இவ்வீயத்தினது ஏறத்தாழ 207.7 ஆயிருத்தலை முதலாம் உலகப் போர்க்காலத்தில் நிறுவினார். ஒரே மூலகம் வெவ்வேறு நிறையுடைய சமதானிகளாக இருக்கும் என்னும் கொள்கைக்கு அது வலிய சான்றாயிற்று. 1921 ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு அவரை அடைந்தது.

இவ்வரலாற்றில் நாம் பெருமையுறத்தக்கதும் உண்டு, சிந்திக்கத்தக்கதும் உண்டு. கல் இங்கே கிடைத்தது. அதனை மண்ணிலிருந்து பிரித்த கைகளும் இங்குள்ளவையே. பொருளைக் கூறிய தராசும் நூலும் பிறநாட்டில் இருந்தன. குமாரசுவாமி ஒருவரே இரு கரைகளுக்கும் பாலமாயிருந்தார்; அவரும் நான்காண்டுக்குள் அப்பணியை விடுத்தார். மற்றொன்றையும் ஒளிவுமறைவின்றிக் கூறல் வேண்டும். இலங்கைப் பேர்குசனைற்று எவரையும் செல்வராக்கவில்லை. உருக்கை வலிமைப்படுத்தவும், மருத்துவமனைகளிலுள்ள காந்தப் படிமக் கருவிகளின் மீகடத்திக் காந்தங்களை ஆக்கவும் வேண்டப்படும் நயோபியத்தின் மிகப்பெரும் பகுதி இன்று பிரேசில் நாட்டிலிருந்து, பைரோகுளோர் என்னும் வேறொரு கனிப்பொருளிலிருந்தே வருகின்றது. அரியது எனினும் பெருஞ்செல்வம் எனினும் ஒன்றன்று. அரிதாயிருத்தலாலேயே அகழ்தற்குப் போதாத கற்கள் பல.

இதனை வன்னி மக்கள் சிறப்பாக உணர்தல் நன்று. இத்தீவின் ஆதிப்பாறைகளை ஆராய்ந்த குறோனர், குரே, விதானகே ஆகியோர் 1991 இல் வெளியிட்ட வகுப்பில், உயர்நிலத் தொகுதி, விசயன் தொகுதி என்பவற்றோடு வன்னித் தொகுதி என்றொரு பிரிவும் இடம்பெற்றது. வவுனியாவிலும் முல்லைத்தீவின் உட்பகுதியிலும் கிணறு வெட்டுவோரின் அலவாங்கைத் தடுக்கும் வரிப்பாறையும் கிரனைற்றும் அத்தொகுதியைச் சேர்ந்தவை. நம் நிலத்தின் பெயர் உலகப் புவிச்சரிதவியல் நூல்களில் நிலைத்துள்ளது. ஆயின், அதனை அறிந்த மாணவர் நம் வகுப்பறைகளில் எத்துணையர்?

வன்னியின் கீழ்க்கரையிலும் நயோபியம் உண்டு, ஆனால் மறைவாக. கொக்கிளாய்க் கடனீரேரிக்குத் தெற்கே, திருகோணமலை மாவட்டத்திலுள்ள புல்மோட்டைக் கரையின் கருமணலில் இல்மனைற்று, ரூற்றைல், சிர்க்கன், சிறிதளவு மொனசைற்று என்பன செறிந்துள்ளன. இதன் பொருட்டு அரசாங்கம் 1957 இற் கனிப்பொருள் மணற் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. கருமணல் கடனீரேரிக்கு வடக்கே முல்லைத்தீவுக் கரையிலும் உண்டு. ரூற்றைல் என்பது தைத்தானிய ஒட்சைட்டு. தைத்தானிய அயனும் நயோபிய அயனும் பருமனில் அண்மையன. ஆகவே ரூற்றைலின் கட்டமைப்பில் நயோபியம் சிறிதளவு புகுந்து தங்குதல் பொது வழக்கு. பேர்குசனைற்றிலே தலைமை பூண்ட மூலகம் ஈண்டு விருந்தினனாய் ஒதுங்கியிருக்கின்றது. மணலின் விலை தைத்தானியத்தாலும் சிர்க்கோனியத்தாலும் அமைவதேயன்றி நயோபியத்தால் அன்று.

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதற்குரியதன்று. 1984 ஆம் ஆண்டின் இறுதியில் இடம்பெயர்ந்து, 2009 இற் போர் முடிந்த பின்னரே தம் ஊர்களுக்கு மீண்ட கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்களுக்கு அக்கரை வெறும் மணலன்று. வாடியும் வலையும் வயலும் அதனைச் சார்ந்தவை. மணலில் இருப்பது யாது, எத்துணை, அதனை அகழ்ந்தாற் கரைக்கும் நன்னீருக்கும் நேர்வது யாது என்னும் வினாக்களுக்கு விடை கூறவல்லோர் அவ்வூர்ப் பிள்ளைகளுள்ளேயே தோன்றுதல் வேண்டும். அறியாமை இருவகையில் ஏமாற்றும்: பொய்யான புதையலைக் காட்டி மயக்கும், அன்றி, உள்ள பொருளின் மதிப்பை மறைத்து இழக்கச் செய்யும்.

ஆதலால் நம் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் உள்ளூர்க் கற்களையும் மணலையும் சேர்த்து, கிடைத்த இடமும் நாளும் குறித்து வைத்த சிறு பேழை ஒன்றேனும் அமைதல் வேண்டும். தன்னீர்ப்பை அளக்க விற்றராசும் ஒரு குவளை நீரும் போதும். வன்மையை அறியப் படிகத் துண்டும் இரும்பாணியும் போதும். பெருஞ்செலவின்றி இப்பணியைத் தொடங்குதல் ஆசிரியர்க்கு இயலும்; பல்கலைக்கழகங்களிற் பயின்ற பழைய மாணவர் கைகொடுப்பின் அது வளரும். விலக்கி எறியப்பட்ட கல்லைக் கையிலெடுத்து, இஃது யாது என்று ஒருவர் வினவியதிலிருந்தே பேர்குசனைற்றின் இலங்கை வரலாறு தொடங்கிற்று. அவ்வினா நம் மாணவர் நாவிலும் எழுவதாக.