துணி மூட்டை சுமந்த பத்திரிகையாசிரியர்



ஊழலைத் துருவி எடுத்து எழுதும் பத்திரிகைத் தொழில் நேற்று முளைத்ததல்ல. இந்தியாவின் முதல் அச்சுப் பத்திரிகையை ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்ற வெள்ளைக்காரர் 1780 ஜனவரி 29-ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கினார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. சும்மா இருப்பார்களா? சிறையில் போட்டார்கள். 1782-இல் அச்செழுத்துகளையே பறிமுதல் செய்துவிட்டார்கள்.

ஆனால் தோட்டத்து மக்களாகிய நமக்கு நெருக்கமான கதை இலங்கையில் நடந்தது. கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். அவர் போன காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைக்க முடியாது. அத்துமீறல் என்று பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஐயர் என்ன செய்தார் தெரியுமா? புடவை வியாபாரியாக வேஷம் போட்டுக்கொண்டு லயங்களுக்குள் நுழைந்தார். துணி பார்க்க வந்தவர்களின் வாயாலேயே அவர்கள் படும் பாட்டைக் கேட்டறிந்தார்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது கடன். ஊரிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவு, முன்பணம் என்று கங்காணி கணக்கில் ஏற்றிவிடுவார். ‘துண்டு’ என்று ஒரு காகிதம் உண்டு. இன்ன கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் மட்டும் தொழிலாளி தலையிலேயே இருக்கும். மாடு கைமாறுவது போலத்தானே இது! துண்டு முறை 1921-இல் சட்டப்படி ஒழிந்தது. கங்காணியின் கணக்குப் புத்தகம் அவ்வளவு சுலபமாக ஒழியவில்லை.

‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்ற பத்திரிகைகளில் ஐயர் இவற்றையெல்லாம் எழுதினார். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே சங்கம் அமைத்தார். எழுதினால் போதுமா, படிக்கத் தெரிய வேண்டாமா? அங்கேதான் அவர் மனைவி மீனாட்சியம்மாள் வருகிறார். சேதியைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். பெயர் வாங்கியது ஐயர்தான். அம்மாளின் பங்கு அதற்குக் குறைந்ததல்ல என்பது என் எண்ணம்.

நம் மலாயாவிலும் கங்காணி இருந்தார், கடனும் இருந்தது. ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர் ஆர். எச். நாதன், 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். சீனருக்கு ஒரு கூலி, தமிழருக்கு அதைவிடக் குறைந்த கூலி என்ற நிலை மாற வேண்டும். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் போக வேண்டும் என்று கேட்டார்கள். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

நம் காலத்துக்கு வந்தால் 1எம்டிபி விவகாரம். சரவாக் ரிப்போர்ட்டின் கிளேர் ரியூகாசல் பிரவுனும் ‘தி எட்ஜ்’ பத்திரிகையும் 2015-இல் அதை வெளிக்கொணர்ந்தார்கள். அந்த ஜூலையிலேயே ‘தி எட்ஜ்’ மூன்று மாதம் முடக்கப்பட்டது. செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சியின் 42 மில்லியன் வெள்ளி வழக்கில், முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2022 ஆகஸ்டில் சிறை சென்றார். மாணவர்களே, இந்தச் செய்தியாளர்கள் வேஷம் எதுவும் போடவில்லை. கைக்கு வந்த மின்னஞ்சல்களையும் வங்கிக் கணக்குத் தாள்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்தத் தொகை எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று பொறுமையாகப் படித்தார்கள்.