அயன்மொழி ஒலிப்புப் பயிற்சியில் பொறிகளின் துணை

அயன்மொழியைக் கற்பான் அதன் சொல்லையும் இலக்கணத்தையும் நூல்வழி அறிந்துகொள்ளலாம். ஒலிப்பை அங்ஙனம் அறிதல் அரிது. தாய்மொழியில் இல்லாத ஒலிவேறுபாட்டை அவன் செவி எளிதிற் பகுத்துணர்வதில்லை. செவி உணராத பிழையை நா திருத்திக்கொள்ளுதல் எங்ஙனம்? இவ்விடர்ப்பாட்டை நீக்கப் பொறிகள் துணைபுரிந்த வரலாற்றையும், அதனால் விளங்கும் உண்மையொன்றையும் ஈண்டு ஆராய்வாம்.

ஒலியின் பிறப்பை இடமும் முயற்சியும் கொண்டு விளக்கும் நெறி தொன்மையானது; தொல்காப்பியப் பிறப்பியல் அதற்குச் சான்றாகும். மேனாட்டில் அந்நெறியைக் கண்ணுக்குப் புலனாக்க முயன்றவருள் அலெக்சாந்தர் மெல்வில் பெல் குறிப்பிடத்தக்கவர். 1867-இல் வெளிவந்த அவரது 'காணும் பேச்சு' என்னும் நூலில் நா, இதழ் ஆகியவற்றின் நிலைகளே எழுத்து வடிவங்களாயின. அவர் மகனார் கிரகாம் பெல் அம்முறையைப் பாஸ்டன் நகரில் செவிப்புலனற்றோரின் பயிற்சிக்குக் கையாண்டார்.

1877-இல் எடிசன் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டார். அடுத்த ஆண்டு அதன் பயன்களைத் தொகுத்தெழுதியபொழுது, பேச்சுப் பயிற்சியையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். 1901-இல் இலண்டனில் தோன்றிய லிங்குவாபோன் நிறுவனம் ஒலிப்பதிவுகளின் வாயிலாக மொழி கற்பிக்கலாயிற்று. அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் மொழிப் பயிற்சிக்கூடங்கள் பல்குதற்குப் பொருளுதவி செய்தது. அக்கூடங்களில் மாணவன் தன் குரலையும் பதிந்து கேட்டான். எனினும், ஒப்பிடும் பொறுப்பு பிழையுணராத அச்செவிக்கே விடப்பட்டது.

இக்குறையை நீக்கக் கண்ணின் துணை வேண்டப்பட்டது. பெல் ஆய்வுக்கூடத்தார் 1940-களில் ஒலியைப் படமாக வரையும் பொறியை அமைத்து, 1947-இல் அதுபற்றிய நூலையும் வெளியிட்டனர். 1990-களில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் பால் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க் ஆகியோர் உருவாக்கிய 'பிராட்' என்னும் மென்பொருள் அவ்வாற்றலைக் கணிப்பொறியில் விலையின்றி வழங்கிற்று. ஆயினும் படத்தைக் கண்டோர் அனைவரும் நாவைத் திருத்த அறிந்தாரல்லர். பிழையைப் பொறியே சுட்டும் முயற்சி பின்னர் வளர்ந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் சில்கே விட், ஸ்டீவ் யங் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட முறை, மாணவன் ஒலித்ததை உரிய ஒலியின் மாதிரியோடும் பிற ஒலிகளின் மாதிரிகளோடும் ஒப்பிட்டு, ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனியே மதிப்பீடு அளித்தது.

இந்நிலையில் எழும் வினா, அம்மாதிரி எவர் குரலால் அமைந்தது என்பதாம். ஆங்கில ரகர லகரங்களை வேறுபடுத்த இடர்ப்படும் சப்பானியர்க்குப் பலர் குரல்களைக் கேட்பித்துப் பயிற்றலாம் என லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் 1991-இல் காட்டினர். ஒருவர் குரலால் மட்டும் பயின்றோர் புதியவர் பேச்சில் அப்பயனைப் பெற்றிலர் என்பது 1993-இல் வெளிவந்த தொடராய்வால் விளங்கிற்று. இத்தகைய செவிப்பயிற்சி ஒலிப்பையும் திருத்துதலை 1997-ஆம் ஆண்டின் ஆய்வொன்று நிறுவிற்று.

கற்பார்க்குப் பொருந்தும் இவ்வுண்மை பொறிக்கும் பொருந்தும். ஐந்து நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை ஸ்டான்போர்டு ஆய்வாளர் 2020-இல் சோதித்தனர். சொற்பிழை அமெரிக்கக் கறுப்பினத்தார் பேச்சில் சராசரி நூற்றுக்கு 35 ஆகவும், வெள்ளையர் பேச்சில் 19 ஆகவும் இருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடத்தும் இவ்வேறுபாடு காணப்படுமாயின், அதனை அயன்மொழியாகக் கற்பார்மீது பொறி கூறும் தீர்ப்பை ஐயமின்றி ஏற்றல் பொருந்தாது. பிழை வேறு, வழக்கு வேறுபாடு வேறு. பல வட்டாரத்தார் குரல்களையும் அளவுகோலாகக் கொண்டு, கேட்போர்க்குப் பொருள் விளங்குதலையே குறிக்கோளாக வைக்கும் பொறியே கற்பார்க்கு உற்ற துணையாம் என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.