கும்பினியும் கம்பெனியும்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் காலை வேளையில் வந்திறங்கும் கூட்டத்தாரை ‘எங்கே வேலை?’ என்று வினவினால், ‘ஆலையில்’ என்றோ ‘தொழிற்சாலையில்’ என்றோ எவரும் விடையிறுப்பதில்லை. ‘கம்பெனியில்’ என்பதே விடை. இரும்பு உருக்கும் இடமும் கம்பெனி, மருந்து செய்யும் இடமும் கம்பெனி, அட்டைப்பெட்டி மடிக்கும் சிறு கொட்டகையும் கம்பெனியே. திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும், தேர்வாய்கண்டிகையிலும் இதே வழக்குத்தான். கம்பெனி பஸ், கம்பெனி லீவு, கம்பெனி யூனிபார்ம் எனச் சொற்கள் குடும்பம் குடும்பமாய்ப் பெருகியுள்ளன. பெண் பார்க்க வருவோரிடம் ‘மாப்பிள்ளை கம்பெனியில் இருக்கிறார்’ என்று சொன்னால் அதற்குத் தனி மதிப்பு.

இதே சொல்லை நம்மவர் வேறு பொருளிலும் ஆள்கின்றனர். தனியே தேநீர் குடிக்க மனமில்லாதவன், ‘சும்மா ஒரு கம்பெனிக்கு வா’ என்று நண்பனை அழைக்கிறான். கடைக்காரர் ‘இது கம்பெனி சரக்கு’ என்று ஆணையிடாத குறையாய்ச் சொல்கிறார். நம் பாட்டனார் காலத்தில் நாடகக் கம்பெனிகளும் சர்க்கஸ் கம்பெனிகளும் ஊர் ஊராய்ச் சென்றன. காவற்படையிலும் ஒரு பிரிவுக்குக் கம்பெனி என்றே பெயர். தோழமைக்கும், ஆலைக்கும், தரத்துக்கும், படைக்கும் ஒரே சொல் எங்ஙனம் பொருந்திற்று? இக்கேள்விக்கு விடை தேடிப் போனால், அச்சொல் வந்திறங்கிய கடற்கரைகளுள் ஒன்று கும்மிடிப்பூண்டிக்கு அருகிலேயே இருப்பதைக் காண்கிறோம். அதுதான் பழவேற்காடு.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘கொம்’ என்பது இலத்தீனில் ‘கூட’ எனப் பொருள்படும். ‘பானிஸ்’ என்பது அப்பம். ஒருங்கே அமர்ந்து அப்பம் உண்பவனே ‘கொம்பானியோ’. பழைய ஜெர்மானிய மக்களின் சொல்லொன்றை இலத்தீனில் அவ்வாறே பெயர்த்து அமைத்தனர் என்பது மொழியறிஞர் கருத்து. அதற்குச் சான்றாக அவர்கள் காட்டும் கோத்திய மொழிச் சொல், நான்காம் நூற்றாண்டில் பெயர்க்கப்பட்ட விவிலியத்தில் வருகிறது. எவ்விடத்தில் தெரியுமா? யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தில், தோமையார் தம் உடன்சீடர்களை நோக்கிப் பேசும் இடத்தில். உடன்சீடர் என்பதற்கு ‘அப்பத்தில் உடன்பங்காளி’ என்றே அம்மொழிபெயர்ப்பாளர் எழுதினார். மயிலைத் தோமையாரின் வாய்மொழியை ஒட்டி இச்சொல்லின் மூதாதை நிற்பதைக் காணும்போது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி ஏற்படத்தான் செய்கிறது.

அப்பம் பகிர்ந்தோரின் கூட்டம் பின்னர் படைவீரர் கூட்டமாயிற்று, கைவினைஞர் கூட்டமாயிற்று, வணிகர் கூட்டமுமாயிற்று. துறவியர் கூட்டம் ஒன்றும் அப்பெயரை ஏற்றது. புனித இஞ்ஞாசியார் தம் தோழர்களுக்குச் சூட்டிய பெயர் ‘இயேசுவின் கொம்பாஞியா’ என்பதே. 1540இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார். அக்கூட்டத்தைச் சேர்ந்த சவேரியார் 1542இல் கோவாவுக்கும், 1545இல் மயிலாப்பூருக்கும் வந்தார். ஆக, வணிகக் கம்பெனிகள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே வேறொரு ‘கம்பெனி’ நம் கரையை மிதித்துவிட்டது! ஆனால் தமிழ் மக்கள் அதனைக் கம்பெனி என்று அழைக்கவில்லை. ‘இயேசு சபை’ என்றனர். பின்னால் வந்த வணிகக் கூட்டத்தையோ சபை என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. அதன் பெயரைப் பெயர்க்காமலே ‘கும்பினி’ என்று திரித்து வழங்கினர். எதைத் தமிழாக்குவது, எதை அயலாகவே நிறுத்துவது என்பதில் மக்கள் காட்டிய இந்த நுண்ணுணர்வைப் புலவர் குழுவொன்று கூடியிருந்தாலும் காட்டியிருக்குமா என்பது ஐயமே.

இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனி 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் பட்டயம் பெற்றது. ஒல்லாந்தரின் கம்பெனி 1602இல் தோன்றியது. அதன் பெயரின் முதலெழுத்துகள் வி.ஓ.சி. (பின்னாளில் அதே மூன்றெழுத்துகளை ஆங்கிலத்தில் தம் பெயராகக் கொண்ட சிதம்பரனார், 1906இல் வெள்ளையருக்கு எதிராகக் கப்பல் கம்பெனி ஒன்றை நிறுவியதும், அதற்குத் தமிழில் ‘சுதேசி நாவாய்ச் சங்கம்’ என்று பெயரிட்டதும் வரலாற்றின் குறும்பு போலும்.) ஒல்லாந்தர் 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர், 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே.

ஆங்கிலேயரும் அங்கு வந்தனர். 1619இல் இரு கம்பெனிகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பழவேற்காட்டு வாணிகத்தில் ஆங்கிலேயருக்குப் பங்கு உண்டு. கோட்டைக் காவற் செலவிலும் பங்கு உண்டு. செலவுக் கணக்கில்தான் பூசல் மூண்டது. அப்பம் பகிர்ந்தோர் என்று பெயர் சுமந்த இருவரால் ஒரே ஊரில் சில ஆண்டுகள்கூடச் சேர்ந்திருக்க முடியவில்லை. ஆங்கிலேயர் வெளியேறி, 1626இல் வடக்கே ஆர்மகானில் குடியேறினர். அங்கும் நிலைக்காமல் தெற்கே வந்து 1639இல் சென்னைப்பட்டினத்து மணல்வெளியைப் பெற்றனர். பழவேற்காட்டில் அவர்கள் ஒத்துப்போயிருந்தால் சென்னை நகரம் எங்கு எழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

பண்டகசாலை என்றோமல்லவா? ஆங்கிலத்தில் அதனை ‘ஃபேக்டரி’ என்றே எழுதினர். இன்று அச்சொல்லுக்குத் தொழிற்சாலை என்று பொருள் கொள்கிறோம். அன்று அதில் உற்பத்தி ஏதும் இல்லை. ‘ஃபேக்டர்’ என்ற வணிக முகவர் தங்கிச் சரக்கு சேர்த்துவைத்த கிடங்கே அது. துணியை நெய்தவர்கள் சுற்றுவட்டாரத்து ஊர்களில் தத்தம் வீட்டுத் தறிகளில் நெய்தார்கள். இன்றும் தென்கிழக்காசியாவரை ‘பளேகாட்’ கைலி என்று அத்துணியின் பெயர் இவ்வூர்ப் பெயரால் வழங்குகிறது. ஆகவே அன்றைய ஃபேக்டரி தொழிற்சாலையன்று; இன்றைய தொழிற்சாலைக்கோ கம்பெனி என்று பெயர். கட்டடத்தின் பெயரும் உடைமையாளரின் பெயரும் இடம் மாறிக்கொண்டன.

நெசவாளர் முன்பணம் பெற்று நெய்தனர். முன்பணம் கடனாயிற்று, கடன் கட்டாயிற்று. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் துணியோடு மனிதரும் சரக்காயினர். பழவேற்காட்டிலிருந்து கப்பலேற்றப்பட்டு, பத்தாவியா முதலிய ஒல்லாந்தர் குடியேற்றங்களுக்கு அடிமைகளாய் அனுப்பப்பட்டோர் பல்லாயிரவர். இன்று அவ்வூர்க்குச் செல்வோர், தொல்லியல் துறை காக்கும் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைக் கண்டு வியக்கின்றனர். உள்ளே கம்பெனி அதிகாரிகளின் பெயர்கள் அழகிய எழுத்தில் செதுக்கப்பட்டுள்ளன. கப்பலேற்றப்பட்டோர்க்கு அங்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை.

‘கும்பினி’ என்ற சொல் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், பிரெஞ்சுக் கம்பெனியைக் குறித்துப் பக்கத்துக்குப் பக்கம் பயில்கிறது. அது 1736இல் தொடங்கிய குறிப்பு. கும்பினி பணம், கும்பினிச் சிப்பாய் என்றெல்லாம் மக்கள் பேசினர். 1858இல் ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சி முடிந்தது. 1874இல் கம்பெனியே கலைந்தது. கும்பினி வழக்கொழிந்து, ‘கம்பெனி’ என்ற புதிய ஒலிப்பு நிலைத்தது. ஆயினும் ‘கம்பெனிக்காரன்’ என்று சொல்லும்போது, எங்கோ தொலைவில் இருக்கும், முகம் தெரியாத, எதிர்த்துப் பேசவியலாத ஒருவன் என்ற பழைய தொனி முற்றும் மறையவில்லை என்றே நமக்குப் படுகிறது.

சட்டத்தின் கண்ணில் கம்பெனி யார்? பங்கு வைத்திருப்போரே அதன் உறுப்பினர். ஒல்லாந்தர் கம்பெனிக்கு 1602இல் ஆம்ஸ்டர்டாமில் பங்கு திரட்டியபோது, பதிவு நடந்த வீட்டின் பணிப்பெண்கூட 100 கில்டர் செலுத்திப் பங்குதாரர் ஆனாள். பழவேற்காட்டு நெசவாளர் எவரும் ஆனதில்லை. இவ்விடத்தில் கத்தோலிக்க வாசகர் செவியில் ‘பங்கு’ என்ற சொல் வேறுவிதமாக ஒலிக்கும். நமக்குப் பங்கு என்றால் கோயிலும், பங்குத்தந்தையும், பங்குமக்களுமே. அங்கு உறுப்பினராவதற்கு 100 கில்டர் வேண்டியதில்லை.

சிப்காட் வளாகத்தில் நாள்தோறும் உழைப்போர் ‘எங்கள் கம்பெனி’ என்றே சொல்கின்றனர். ஆனால் அவர்களுக்குள்ளும் இரு வகையினர் உண்டு: ‘கம்பெனி ஆள்’, ‘காண்ட்ராக்ட் ஆள்’. ஒரே இயந்திரத்தின் இரு பக்கம் நிற்கும் இருவருள் ஒருவர் பெயர் கம்பெனிப் பதிவேட்டில் இருக்கும். மற்றவர் பெயர் ஒப்பந்தக்காரரின் ஏட்டில் இருக்கும். பத்தாண்டு உழைத்தவர்கூட விபத்து நேர்ந்த அன்றுதான் தாம் ‘கம்பெனி ஆள்’ அல்லர் என்பதை உணர நேரிடுகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவுக்கூடம் அமைக்கச் செய்யும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. சொல்லின் வேர்ப்பொருளை அறிந்து அவ்விதியை எழுதியிரார். என்றாலும் கம்பெனி தன் பெயருக்கு மிக அருகில் வருவது அந்தக் கூடத்தில்தான். அங்கும் இரு வகையினருக்கும் ஒரே பந்தியா, ஒரே விலையா என்று கேட்டுப் பார்த்தால் அந்தக் கம்பெனியின் குணம் தெரிந்துவிடும்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் வாடகை அறைகளில் பலராய்த் தங்கி, ஷிப்ட் முடிந்த இரவில் ஓரடுப்பில் ரொட்டி சுட்டு உண்கின்றனர். அவர்கள் பேச்சிலும் ஆலைக்குக் ‘கம்பனி’ என்றே பெயர். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் நெடுங்காலமாய் உள்ளது. போர்த்துக்கீசியர் இலங்கையில் விட்டுச் சென்ற ‘பாண்’ என்ற சொல் அம்மக்கள் நாவில் இன்றும் வழங்குகிறது. அப்பத்தைக் குறிக்கும் அதே ‘பானிஸ்’தான் அது. காலையில் பாண் தின்றுவிட்டுக் கம்பெனிக்குப் புறப்படும் முகாம்வாசி, பிரிந்துபோன ஒரே குடும்பத்துச் சொற்கள் இரண்டை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார்.