குப்பாயம்

மலையாளத்தில் சட்டையைக் குப்பாயம் என்பார்கள். சிரியன் சபைப் பாதிரியாரின் அங்கிக்கும் அதே பெயர்தான். தமிழர் இதை அயல்சொல் என்று ஒதுக்க வேண்டாம்; சீவக சிந்தாமணியிலேயே குப்பாயம் போட்ட மிலேச்சன் ஒருவன் வருகிறான். கன்னடத்தில் குப்பஸ, தெலுங்கில் குப்பஸமு, வடமொழியில் கூர்பாஸம். எங்கும் தைத்துப் போடும் மேலுடைதான்.

திருவிதாங்கூரில் நாடார் பெண்களின் மேலுடை பற்றிய வழக்கில் அந்தத் தையல்தான் முடிச்சு. தோள்சீலை என்பது தைக்காத துணி. மார்பை மூடித் தோளில் போடுவது, நாயர் பெண்களின் உரிமை. கிறிஸ்தவரான நாடார் பெண்கள் சிரியன் கிறிஸ்தவ, மாப்பிள்ளைப் பெண்களைப்போல் குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது என்றது 1814 உத்தரவு. 1829 பிப்ரவரி 3 அறிக்கையும் அதையே சொன்னது. உடம்பை மூடலாம், அந்தஸ்தை மட்டும் தொடக்கூடாது!

லண்டன் மிஷனின் நெய்யூர் மிஷனரி சார்லஸ் மீடின் மனைவி ஜோகன்னா, தஞ்சாவூர் மிஷனரி ஹார்ஸ்டின் மகள். தொளதொளவென்ற ஒரு சட்டையை வகுத்துத் தந்தவர் அவர்தான். பெண்கள் போட்டுக்கொண்டார்கள், அதன்மேல் தோள்சீலையையும் போட்டார்கள். மானத்தோடு சமத்துவமும் கேட்ட அந்தத் துணிச்சலை நான் வணங்குகிறேன். விளைவு அடிதடி, கிழிந்த துணிகள், எரிந்த பள்ளிகள். சென்னை கவர்னர் ட்ரெவெலியன் திருவிதாங்கூர் அரசை நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26இல் மேலே துணி போட அனுமதி வந்தது. மேல்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் போடக்கூடாது என்ற தடை அப்போதும் நீங்கவில்லை.

இதற்குள் மீடின் வீட்டிலேயே வேறொரு கோடு விழுந்திருந்தது. 1848இல் ஜோகன்னா இறந்தார். சில ஆண்டுகளில் மீட், பறையர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவர் ஒருவரின் மகளான லோயிஸை மணந்தார். சக மிஷனரிகளுக்குப் பொறுக்கவில்லை. நாடார் பெண்களின் குப்பாயத்துக்காக அரசிடம் வாதாடிய லண்டன் மிஷன், தலித் பெண் ஒருத்தி மிஷனரியின் மனைவியாக நிற்பதை ஏற்கவில்லை. இதை மழுப்பி எழுதுவது லோயிஸுக்குச் செய்யும் அநீதி.

மீட் மிஷனை விட்டார், மனைவியை விடவில்லை. திருவிதாங்கூர் அரசுப் பள்ளிகளின் கண்காணிப்பாளராகி, 1873இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.