போக்கர் போட்டிகளில் மேசை மாற்றம்

போக்கர் போட்டியில் ஆட்டக்காரர்கள் தோற்று வெளியேற, மேசைகளுக்கிடையே உண்டாகும் எண்ணிக்கை வேறுபாட்டைக் குறைக்க, எஞ்சியவர்களை இடம் மாற்றி அமர்த்தும் நடைமுறை மேசை மாற்றம் எனப்படும். ஆள் குறைந்த மேசைக்கு ஒருவரை அனுப்புவது சமன்செய்தல் என்றும், ஒரு மேசையையே மூடிவிட்டு அங்கிருந்தவர்களைப் பிற மேசைகளின் காலி இருக்கைகளில் அமர்த்துவது மேசை கலைத்தல் என்றும் வழங்கும்.

டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொரு முறை சீட்டு போடும்போதும் இருவர் கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். பெரிய தொகை பிக் பிளைண்ட் என்றும், பெரும்பாலும் அதில் பாதியாக அமையும் சிறிய தொகை ஸ்மால் பிளைண்ட் என்றும் பெயர் பெறும். இக்கடமை மேசையைச் சுற்றி வருவதால், 36 முறை சீட்டு போட்டால் 9 பேர் உள்ள மேசையில் ஒருவர் 4 தடவையும், 6 பேர் உள்ள மேசையில் ஒருவர் 6 தடவையும் இவ்விரண்டையும் செலுத்துகிறார். முன்னவருக்கு 6 பிக் பிளைண்ட் அளவும் பின்னவருக்கு 9 பிக் பிளைண்ட் அளவும் சிப் செலவாவதால், மேசைகளைச் சமன்செய்வது இன்றியமையாததாகிறது.

ஆயினும் இடமாற்றமே சிலருக்கு இழப்பையும் சிலருக்கு ஆதாயத்தையும் தரக்கூடும். ஆகவே, 2001இல் தொடங்கப்பட்ட போக்கர் போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் விதிகள், அடுத்து பிக் பிளைண்ட் வைக்க வேண்டியவரையே தேர்ந்து, புதிய மேசையில் மிகப் பாதகமான இருக்கையில், அதாவது பிக் பிளைண்ட் விரைவில் வந்துசேரும் இடத்தில், அமர்த்தச் சொல்கின்றன. எப்படியும் செலுத்தவிருந்த தொகையையே அவர் செலுத்துவதால் கூடுதல் சுமை பெரும்பாலும் ஏற்படுவதில்லை. பிக் பிளைண்டைத் தவிர்த்துப் பாதித் தொகையோடு தப்ப இடமளிக்கும் ஸ்மால் பிளைண்ட் இருக்கை, மிகப் பாதகமான இடமாகக் கொள்ளப்படுவதில்லை.

மேசை கலைக்கப்படும்போது இருக்கைகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகின்றன. வந்தவர் அந்த இருக்கைக்குரிய உரிமையையும் கடமையையும் அப்படியே ஏற்கிறார். சீட்டு போடும் முறையைக் குறிக்கும் பட்டனுக்கும் ஸ்மால் பிளைண்டுக்கும் இடையே இருக்கை அமைந்தால் மட்டும், பட்டன் கடந்து செல்லும்வரை காத்திருக்கிறார்.

பழகிய எதிராளிகளின் ஆட்டப்போக்கை அறிந்திருந்த பயனை இடம் மாறுபவர் இழக்கிறார் என்பதும், அதிக சிப் வைத்திருப்பவரின் அருகே அமர நேரலாம் என்பதும் இவ்விதிகளால் ஈடுசெய்ய இயலாத குறைகளாகும். எனினும், யாரை எங்கே அமர்த்துவது என்பதை இருக்கை நிலையும் குலுக்கலுமே முடிவு செய்வதால், போட்டி நடத்துபவரின் விருப்புவெறுப்புக்கு அதில் இடமில்லை.