இரண்டு விரல் நுனிகள்

வாத்தியக்காரருக்கு விரல் போனால் அத்துடன் அவர் சரித்திரம் முடிந்தது என்போம். இங்கிலாந்தில் ஒரு கோஷ்டியின் சரித்திரம் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

1965. பர்மிங்ஹாமில் டோனி ஐயோமி என்ற 17 வயதுப் பையனுக்கு அன்று தொழிற்சாலையில் கடைசி நாள். பகல் சாப்பாட்டுக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டேன் என்றான். தாயார்தான், "வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா" என்று அனுப்பினாள். அன்று பிற்பகல் இயந்திரம் அவன் வலக்கை விரல்கள் இரண்டின் நுனியைத் துண்டித்துவிட்டது. இடக்கைப் பழக்கக்காரன், கிதார் தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவைதாம்!

தீவிபத்தில் இரு விரல்கள் முடங்கியும் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை மேலதிகாரி போட்டுக் காட்டினார். பையன் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டான். மெல்லிய தந்திகளைக் கட்டினான். பிறகு வலி குறையச் சுருதியையும் இறக்கினான். அந்தக் கனத்த, இருண்ட நாதம் இப்படி வளர்ந்ததுதான்.

1968-ல் நால்வர் கூடினார்கள். மறு வருஷம் ஒரு பேய்ப் படத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு 'பிளாக் சப்பாத்' ஆனார்கள். விமரிசகர்கள் ஏசினார்கள், ரசிகர்களோ 1970-ல் இவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டை விற்பனையில் முதலிடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 1979-ல் விலக்கப்பட்டார். எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஐயோமி மட்டும் நகரவில்லை.

2025 ஜூலை 5-ந் தேதி, சொந்த ஊரிலேயே பழைய நால்வரும் கடைசிக் கச்சேரி செய்தார்கள். நடை தளர்ந்த ஆஸ்போர்ன் சிம்மாசனத்தில் அமர்ந்து பாடினார். 17 நாளில் காலமானார்.

சரித்திரம் மகனைக் கொண்டாடுகிறது. எனக்கோ, அன்று பகல் அவனை அனுப்பிவிட்டு வாசலில் நின்ற தாயின் நினைவுதான் வருகிறது.