ஞானஸ்நானம்: யார் பேரில் வரவு?

ஒருவர் எதையாவது விட்டுவிட்டால் 'முழுக்கு போட்டுட்டார்' என்கிறோம். அரசியலுக்கு முழுக்கு, படிப்புக்கு முழுக்கு. கத்தோலிக்கர்கள் ஞானஸ்நானத்தை இப்போது 'திருமுழுக்கு' என்கிறார்கள். விடுவதும் சேர்வதும் ஒரே சொல்லில் வந்து நிற்கிறது பாருங்கள்! தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம். பழைய ஆள் தண்ணீருக்குள் செத்துப்போகிறார், எழுந்து வருகிறவர் கடவுளுக்குச் சொந்தம். ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் தரும் விளக்கம் ஏறக்குறைய இதுதான்.

பி.காம் படிக்கிற எனக்கு இன்னொரு விஷயம்தான் ரொம்பப் பிடித்தது. மத்தேயு நற்செய்தியின் கடைசியில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் 'பெயருக்குள்' என்ற தொடர், அந்தக் காலத்து பாப்பிரஸ் சீட்டுகளில் பணத்தை ஒருவர் கணக்கில் சேர்ப்பதற்கும் வருகிறது. அதனால் ஞானஸ்நானம் என்பது ஓர் ஆளைக் கடவுள் கணக்கில் எழுதுவது என்று சில அறிஞர்கள் விளக்குகிறார்கள். நம்மூர்க் கடைகளிலும் 'அண்ணாச்சி பேர்ல எழுதிக்கோங்க' என்றுதானே சொல்கிறோம்? கணக்குப் புத்தகத்துக்குப் பேரேடு என்றுதானே பெயர்?

சரி, இந்தப் பேரேட்டை எழுதுகிறவர் யார்? விஷயம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. நம் தென் மாவட்டங்களின் வரலாற்றிலேயே இதற்கு நேர்மாறான இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது முத்துக்குளித்துறைப் பரவர்கள். முத்துக்குளிப்பு உரிமையில் முஸ்லிம் வணிகர்களோடு பெரிய மோதல். போர்த்துகீசியரின் பாதுகாப்புத் தேவைப்பட்டது. ஜோவா த குரூஸ் என்ற குதிரை வியாபாரியின் யோசனைப்படி பரவர்களின் பிரதிநிதிகள் கொச்சிக்குப் போனார்கள். 1530களின் நடுவில் கடற்கரை நெடுக ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். எழுதியாகிவிட்டது. என்ன எழுதினார்கள் என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை! 1542ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து விசாரித்தபோது, 'நாங்கள் கிறிஸ்தவர்கள்' என்பதைத் தவிர அவர்களால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. போர்த்துகீசியப் பாதிரிகளின் மொழி அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சவேரியார் ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்துகொண்டு, மணியடித்துத் தெருத்தெருவாகப் போனார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544ல் கடிதம் எழுதினார். அதே வருடம் சக ஊழியர் மன்சிலாசுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று மொழிபெயர்த்திருந்தார்களாம். அதை மாற்றி விசுவாசம் என்று சொல்லச் சொல்கிறார்.

இதைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், அந்த மக்களின் நிலையை இதைவிடச் சரியாக யார் சொல்லியிருக்க முடியும்? அவர்களுக்குக் கடல் வேணும், முத்து வேணும், உயிருக்குப் பாதுகாப்பு வேணும். இதை வைத்து 'போலி மதமாற்றம்' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. வேணும் என்று தொடங்கியவர்கள் பிறகு எத்தனை இடர் வந்தும் விடவில்லை. 1578ல் கொல்லத்தில் ஹென்ரிக்கஸ் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம், இந்த மக்களுக்காக வந்ததுதான். தண்ணீர் முன்னால், பொருள் பின்னால்.

இரண்டாவது உதாரணம் இதற்கு அப்படியே தலைகீழ். தஞ்சாவூரில் ஒரு பிராமண விதவை, லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்தார். அவரிடமிருந்தே ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்றார். ஞானஸ்நானம் வேண்டுமென்று ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸிடம் கேட்டார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். திருமணம் ஆகாமல் ஓர் ஆணோடு வாழ்கிற பெண்ணுக்குக் கொடுக்க முடியாது என்பது அவர் வாதம்.

சுவார்ட்ஸை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஹைதர் அலியே நம்பிப் பேசிய மனிதர் அவர். விதியும் அவர் உண்டாக்கியதில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்தது இரண்டு பேர். அதே வாழ்க்கையைத்தான் லிட்டில்டனும் வாழ்ந்தார். அவர் ஏற்கெனவே கிறிஸ்தவர், பேரேட்டில் இருப்பவர். அவர் பெயரை யாரும் அடிக்கவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டது, கேட்டு வந்த பெண் மட்டும்.

லிட்டில்டன் இறந்த பிறகு, பாளையங்கோட்டையில் 1778ல் சுவார்ட்ஸே அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பெயர் கிளாரிந்தா. இரண்டே வருடத்தில், 1780ல், பாளையங்கோட்டை சபையின் முதல் பட்டியல் எழுதப்படுகிறது. மொத்தம் 40 பேர், பல சாதியினர். முதல் பெயர் கிளாரிந்தா! ஆங்கிலேயர் சிலரின் உதவியோடு அவர் கட்டிய ஆலயத்தை 1785ல் அர்ப்பணம் செய்தவரும் சுவார்ட்ஸ்தான். ஊர்க்காரர்கள் அதைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றார்கள் (சாதி மட்டும் தண்ணீரில் கரையவில்லை பாருங்கள்). இன்றும் அது பாளையங்கோட்டையில் இருக்கிறது. மாதவையா 1915ல் இவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

என் கேள்வி இதுதான். ஞானஸ்நானம் மறுக்கப்பட்டிருந்த அந்த வருடங்களில் கிளாரிந்தா யாருக்குச் சொந்தமாக இருந்தார்? பதிவு இல்லையென்றால் வரவே இல்லை என்று எங்கள் கணக்குப் பாடம் சொல்லும். இந்தக் கணக்கில் அது செல்லாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த 40 பேரிலிருந்து வளர்ந்த திருநெல்வேலித் திருச்சபை எங்கள் பக்கமும் வந்தது. (1910ல் ராமநாதபுரம் மாவட்டம் உண்டாகும்வரை சிவகாசி, திருத்தங்கல் எல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான்.) கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ராக்லண்ட் 1854ல் கூடாரத்தோடு வட திருநெல்வேலிக் கிராமங்களைச் சுற்ற ஆரம்பித்து, 1858ல் சிவகாசியில் இறந்தார். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் அந்த மிஷனின் ஊர்.

பேரேடு பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1950ம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும். 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் தான் இந்துதான், பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்றார். கைக்குழந்தையாக இருந்தபோது அவர் பெற்ற ஞானஸ்நானம் ஒரு சான்றாக முன்னால் நின்றது. தொடர்ந்து தேவாலயம் போய்வந்ததையும் பார்த்த நீதிமன்றம் கோரிக்கையை மறுத்துவிட்டது.

கைக்குழந்தைக்கு 'எனக்கு வேணும்' என்றும் சொல்லத் தெரியாது, 'விசுவசிக்கிறேன்' என்றும் சொல்லத் தெரியாது. அதனால்தான் வளர்ந்தபிறகு தன் வாயால் சொல்ல சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல், கத்தோலிக்கத்தில் உறுதிபூசுதல் என்று வைத்திருக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதே இல்லை.